காற்கூறும் எஞ்சிய முக்காலும்: கூடிப் பயிலுதலும் நகையும் பற்றி ஒரு கருத்துரை

நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பவணந்தியார் ஒரு கணக்குச் சொல்கிறார். ஆசிரியர் உரைத்ததை முழுமையாக உள்வாங்கிக்கொண்ட மாணாக்கனுக்குக்கூடப் புலமையில் காற்கூறுதான் கிட்டும். உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்கூறு வந்து சேரும். எஞ்சிய அரைக்கூறு, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால் கிட்டும். இந்நூற்பாக்களை இளங்கலை முதலாண்டிலேயே நாம் அனைவரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். தேர்விலும் எழுதியிருக்கிறோம். ஆயினும் முனைவர்பட்ட ஆய்வுக்கு வந்தபின் நாம் நடந்துகொள்ளும் முறை, ஆசிரியர் தரும் காற்கூறே முழுமை என்பதுபோல் இருக்கிறது. நெறியாளர், ஆய்வாளர், ஆய்வேடு என்னும் மூன்று புள்ளிகளுக்குள் ஐந்தாண்டுகள் கழிந்துவிடுகின்றன. எஞ்சிய முக்கால் கூறு எங்கே போயிற்று என்று ஒருவரும் கேட்பதில்லை.

நான் கேட்பதற்குக் காரணம் உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்கிறேன். அதற்கு முன்பு, சேலம், நாமக்கல் சமவெளி சார்ந்த மூன்று நிகழ்வுகளை எடுத்துக்கொண்டு, எழுத்தையும் நூலையும் சிரிப்பையும் பகிர்ந்துகொள்ளும் கூட்டம் ஆய்வுக்கு என்ன செய்கிறது என்பதைப் பார்க்க விரும்புகிறேன். சிரிப்பை இப்பட்டியலில் சேர்ப்பது சிலருக்கு நெருடலாக இருக்கலாம். தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையையே முதலில் வைத்தார் என்பதை இப்போதைக்கு நினைவூட்டி மேற்செல்கிறேன்.

சேலத்திலிருந்து கும்பகோணத்துக்கு

தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் 1880 அக்டோபர் 21ஆம் நாள் பலமுறை பேசப்பட்டது. கும்பகோணத்துக்கு முனிசீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை உ.வே. சாமிநாதையர் முதன்முதலாகச் சந்தித்த நாள் அது. அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, தலபுராணம் என்று தாம் கற்ற நூல்களை ஐயர் அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் அசையவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று மட்டும் கேட்கிறார். சீவக சிந்தாமணியின் பெயர் அங்கேதான் வருகிறது.

இந்நிகழ்வை நம் ஆய்வுக் கட்டுரைகள் வழக்கமாகத் 'திருப்புமுனை' என்று ஒரு தொடரில் முடித்துவிடும். எனக்கு அதன்பின் நடந்தவையே முதன்மையாகத் தோன்றுகின்றன. முதலியார் நூலைக் கொடுத்ததோடு ஒதுங்கிவிடவில்லை. உடன் அமர்ந்து பாடம் கேட்டார். நீதிமன்ற அலுவலர் ஒருவரும் கல்லூரித் தமிழாசிரியர் ஒருவரும், இருவருக்குமே முழுதாக விளங்காத ஒரு காப்பியத்தை முன்வைத்துக்கொண்டு வாரந்தோறும் உட்கார்ந்தார்கள். இவ்விருவரில் யார் ஆசிரியர், யார் மாணாக்கர் என்று பிரிக்க இயலாது. பொருள் தெரிந்தவர் ஐயர். கேட்க வேண்டிய கேள்வி தெரிந்தவர் முதலியார்.

விளங்காத இடங்கள் பெருகியபோது ஐயர் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்குச் சென்றார். அங்கே சிந்தாமணி படித்து முடிந்ததைத் தோரணம் கட்டிக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். வெளியே புலவர் உலகம் மறந்துவிட்ட ஒரு நூல், ஒரு தெருவுக்குள் கூட்டு வாசிப்பால் உயிரோடிருந்தது. பல்கலைக்கழகம், நூலகம், அச்சகம் எதுவும் செய்யாத காப்புப் பணியை அவ்வீட்டுக் கூடம் செய்திருந்தது. ஐயரின் 1887ஆம் ஆண்டுப் பதிப்புக்குப் பின்னால் ஏட்டுச்சுவடிகள் இருந்தன என்பதை நாம் அறிவோம். சுவடிகளோடு, படித்துக் காட்டவும் கேட்கவும் ஐயம் களையவும் மனிதர்கள் இருந்தார்கள் என்பது சுவடி விளக்கப் பட்டியல்களில் இடம்பெறுவதில்லை.

இதைப் பதிவு செய்த ஐயரின் நடையையும் கவனிக்க வேண்டும். தம் புலமைப் பட்டியல் எடுபடாமல் போன அந்தச் சந்திப்பை அவர் மறைக்கவில்லை. தம்மைத் தாமே மெல்ல நகைத்துக்கொள்ளும் தொனியில், தாம் ஏமாந்து நின்ற நிலையை என் சரித்திரத்தில் விரிவாக எழுதுகிறார். தொல்காப்பியர் நகை பிறக்கும் களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகியவற்றைச் சொல்ல, பேராசிரியர் தம் உரையில் எள்ளலை இருவகையாக்குவார். தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று. தான் எள்ளப்பட்டவழித் தானே நகுவது மற்றொன்று. இரண்டாவது வகை அரிது. அது வாய்க்கப்பெற்றவர்தான், தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஓர் அவையில் சொல்லக்கூடியவர். ஆய்வுக்கு இதைவிட வேண்டிய பண்பு வேறு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

புதுப்பாளையத்தில் ஓர் இதழ்

இரண்டாவது நிகழ்வு திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்தைச் சேர்ந்தது. இராஜாஜி 1925இல் அதனை நிறுவினார். திருச்செங்கோடு அப்போது சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதி. அங்கிருந்து மதுவிலக்குப் பரப்புரைக்காக 1929இல் 'விமோசனம்' என்னும் இதழ் தொடங்கப்பட்டது. இராஜாஜி ஆசிரியராக இருக்க, ஆசிரமத்தில் தங்கியிருந்த கல்கி இரா. கிருஷ்ணமூர்த்தி அதன் ஆக்கத்தில் துணைநின்றார்.

மதுவிலக்குப் பரப்புரை என்றதும் அறவுரையை எதிர்பார்ப்போம். விமோசனத்தில் கதைகள் இருந்தன, படங்கள் இருந்தன, கேலி இருந்தது. பின்னாளில் ஆனந்த விகடனிலும், 1941இல் தொடங்கிய 'கல்கி'யிலும் இலட்சக்கணக்கானோரைச் சிரிக்க வைத்த ஓர் உரைநடையின் பயிற்சிக் களங்களுள் ஒன்று இந்தக் கதராடைக் குடில். இதழ் நெடுநாள் நிலைக்கவில்லை. 1937 அக்டோபர் முதல்நாள் இராஜாஜி அமைச்சரவை மதுவிலக்கை முதன்முதலில் நடைமுறைப்படுத்தியது இதே சேலம் மாவட்டத்தில்தான் என்பதை வரலாற்று நூல்கள் குறிக்கும். சட்டத்துக்கு எட்டாண்டு முன்பே இம்மண்ணில் அதற்கான மொழி உருவாகிக்கொண்டிருந்தது என்பதைக் குறிப்பவர் குறைவு.

கல்கியைப் பற்றிய ஆய்வேடுகள் வரலாற்று நாவல்களையே சுற்றிவருகின்றன. அவர்தம் நகைச்சுவையைப் பற்றி எழுதுவோர் கூட 'நகைச்சுவை உத்திகள்' என்று ஓர் இயல் ஒதுக்கி, சொல் நகை, செயல் நகை, சூழல் நகை எனப் பிரித்துச் சான்றுகளை நிரப்பிவிடுகின்றனர். (அவ்வியல்களைப் படிக்கும்போது ஒருமுறையாவது சிரிப்பு வந்தால் அது ஆய்வாளரின் கைமீறிய செயல் என்றே கொள்ள வேண்டும்.) யாரைச் சிரிக்கவைக்க அந்நகை எழுதப்பட்டது, எந்தக் கூட்டத்தின் நடுவே அது பழகி வந்தது என்னும் கேள்விகள் எழுவதில்லை. நகை ஒருவரிடம் மட்டும் பிறப்பதன்று. கேட்போர் இன்றி அது நிறைவு பெறாது. நன்னூலார் சிறப்புப்பாயிரத்துக்குரிய எட்டனுள் கேட்போரையும் ஒன்றாக எண்ணினார். களனையும் சேர்த்துப் பதினொன்றாக உரைப்பாரும் உளர் என்றார். நூலாசிரியர் பெயரைச் சொல்வது எத்துணை இன்றியமையாததோ அத்துணை இன்றியமையாதது அந்நூலைக் கேட்டவர் யாவர், அரங்கேறிய அவை எது என்று சொல்வது. இன்றைய ஆய்வேட்டின் முகப்புப் பக்கத்தில் ஆக்கியோன் பெயர் உண்டு, நூற்பெயர் உண்டு, நுதலிய பொருள் உண்டு. கேட்போர் இல்லை.

இடையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோட்டு வட்டாரங்களில் லாரியின் பின்பலகையில் எழுதப்படும் ஒருவரி வாசகங்களைவிட மிகுதியாகப் படிக்கப்படும் எழுத்து இச்சமவெளியில் வேறு இல்லை. அறிவுரையும் காதலும் கேலியும் கலந்த அவ்வாசகங்கள் காஷ்மீர்வரை சென்று திரும்புகின்றன. அவற்றைத் தொகுத்து ஆராயும் ஒரு திட்டக்கட்டுரைக்கேனும் நம் துறைகள் இடந்தர வேண்டும்.

மொட்டைமாடிக் கூடு

மூன்றாவது நிகழ்வு நம் காலத்தது. நாமக்கல் அரசு கலைக்கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றிய பெருமாள்முருகன், தம் வீட்டு மொட்டைமாடியில் 'கூடு' என்னும் பெயரில் ஆய்வுச் சந்திப்புகளை நடத்திவந்தார். மாணவர்களும் ஆய்வாளர்களும் கூடித் தாம் எழுதியதைப் படித்தனர், விவாதித்தனர். பதிவுக் கட்டணம் இல்லை, சான்றிதழ் இல்லை, தொகுப்பு நூலுக்கு ஐ.எஸ்.பி.என். எண் இல்லை. இக்கால ஆய்வாளர் ஒருவரை மாலை நேரத்தில் படியேறி வரவைக்க இவை எவையும் இல்லாமல் முடியும் என்பதே ஒரு கண்டுபிடிப்புத்தான்.

அச்சந்திப்புச் சூழலின் விளைவாக நமக்குக் கிடைத்த நூல் 2013இல் காலச்சுவடு வெளியிட்ட 'சாதியும் நானும்'. தம் வாழ்வில் சாதி தம்மைத் தொட்ட விதத்தை 32 பேர் எழுதிய கட்டுரைகள் அதில் உள்ளன. சி.எஸ். லக்ஷ்மி அதனை ஆங்கிலத்தில் பெயர்த்தார். எழுதியவர்களில் பெரும்பாலோர் எழுத்தாளர் என்று அறியப்பட்டவர் அல்லர். சமூகவியலாளர் வினாநிரலோடு சென்று கேட்டிருந்தால் இவ்விடைகள் கிடைத்திருக்குமா? ஒருவருக்கொருவர் முகம் தெரிந்த, ஒருவர் எழுத்தை ஒருவர் கேட்டுப் பழகிய, ஒன்றாகச் சிரித்துப் பழகிய கூட்டத்தில்தான் இத்தகைய செய்தி வெளிவரும். பல்வேறு சாதியினர் ஒரே பாயில் அமர்ந்து சாதியைப் பற்றிப் பேசுவது கொங்குச் சிற்றூர்களை அறிந்தவர்க்கு எளிய செயலாகத் தோன்றாது.

இங்கே நகையின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இச்சமவெளியில் எள்ளல் என்பது பெரும்பாலும் மேலிருந்து கீழ்நோக்கி எறியப்படுவது. பெயரை வைத்து, உண்ணும் உணவை வைத்து, பேச்சின் ஒலியை வைத்து எள்ளுவது பள்ளி வகுப்பறையிலேயே தொடங்கிவிடுகிறது. அச்சிரிப்பில் கூடவே சிரித்தாக வேண்டிய கட்டாயமும் எள்ளப்பட்டவனுக்கு உண்டு. ஆகவே 'சிரிப்பு மக்களை ஒன்றுசேர்க்கும்' என்று பொதுப்படச் சொல்வது பொய். பேராசிரியர் வகுத்த இரண்டும் ஓர் அவையில் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கின்றன என்பதே கேள்வி. தன்னையும் எள்ளிக்கொள்ளும் உரிமையும் கடமையும் எல்லோருக்கும் உள்ள கூட்டம் வேறு. சிலர் எள்ளவும் சிலர் எள்ளப்படவும் அமைந்த கூட்டம் வேறு.

கூட்டு வாசிப்புக்கு நேர் எதிரான வாசிப்பு எது என்பதையும் இதே வட்டாரம் காட்டியது. 2010இல் வெளிவந்த 'மாதொருபாகன்' நாவலின் சில பக்கங்கள் மட்டும் படியெடுக்கப்பட்டுத் திருச்செங்கோட்டில் பரப்பப்பட்டன. 2014 டிசம்பர் 26இல் நூற்படிகள் எரிக்கப்பட்டன. 2015 சனவரி 12இல் மாவட்ட நிர்வாகத்தின் முன்னிலையில் நடந்த பேச்சுவார்த்தைக்குப் பின் ஆசிரியர் எழுத்தைத் துறப்பதாக அறிவித்தார். 2016 சூலை 5இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்து, அவர் மீண்டும் எழுத வேண்டும் என்று கூறியது. இவை அனைவரும் அறிந்த செய்திகள். எனக்கு இதில் உறுத்துவது அந்தப் படியெடுத்த பக்கங்கள். ஒரு நூலை அதன் முன்பின்னோடு ஒருவர் படித்துக் காட்ட, மற்றொருவர் மறுக்க, மூன்றாமவர் நகைக்க, பிறகு முதலாமவர் தம் கருத்தைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு அப்பக்கங்களுக்கு இல்லை. கூட்டம் அங்கும் இருந்தது. நூல் இல்லை.

இவ்வளவு நடந்தும் இச்சமவெளித் தமிழ்த்துறைகளில் அது ஆய்வுப்பொருளாக எத்தனை முறை பேசப்பட்டிருக்கிறது என்று எண்ணிப்பார்க்கும்போது, நம் மௌனத்தைப் பற்றியே ஓர் ஆய்வேடு எழுதலாம் என்று தோன்றுகிறது.

மறுப்புகள்

இக்கருத்துக்கு வரக்கூடிய வலுவான மறுப்பு, கூடி இரசிப்பது ஆய்வாகாது என்பது. திருநெல்வேலியில் இரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் நடத்திய வட்டத்தொட்டியை இதற்குச் சான்றாகக் காட்டலாம். அக்கூட்டம் கம்பனைப் பல்லாயிரவர்க்கு இனிக்கச் செய்தது. அதேவேளையில், தம் சுவைக்கு ஒவ்வாத பாடல்களைக் கம்பர் பாடியவை அல்ல என்று தள்ளவும், பாடங்களைத் திருத்தவும் டி.கே.சி. துணிந்தார். சுவடிச் சான்று கேட்பவர் அதை ஏற்க முடியாது. நானும் ஏற்கவில்லை. ஒருவர் சுவையையே அளவுகோலாகக் கொண்டு சுற்றியிருப்போர் தலையசைக்கும் கூட்டம், எவ்வளவு இனிமையானதாயினும், மூலபாட ஆய்வுக்குத் தீங்கு செய்யும்.

ஆனால் அத்தீங்கு கூடியதால் விளைந்ததன்று. மறுத்துரைப்பார் குறைந்ததால் விளைந்தது. பவணந்தியார் உடன்பயிலுதலைச் சொல்லுமிடத்து, வினாதலையும் வினாயவற்றுக்கு விடை இறுத்தலையும் சேர்த்தே சொல்கிறார். சேலம் முதலியார் வெறும் இரசிகராக இருந்திருப்பின் ஐயரின் அந்தாதிப் பட்டியலுக்கே மகிழ்ந்து தாம்பூலம் கொடுத்து அனுப்பியிருப்பார்.

மற்றொரு மறுப்பு, துறைசார் மதிப்பீட்டு முறை இருக்கும்போது இக்கூட்டங்கள் எதற்கு என்பது. இதற்கு விடையாகத்தான் முன்னர்ச் சொல்லாமல் விட்ட என் கதையைச் சொல்ல வேண்டும். நகை பற்றிய என் கட்டுரை ஒன்று சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இதழில் வெளிவந்தது. மதிப்பீட்டாளர் இருவர் ஏற்புரைத்திருந்தனர். மின்னுரைகளில் 'நகை' என்னும் சொல்லைத் தேடி, வந்த இடங்களையெல்லாம் அட்டவணையாக்கி, சங்க இலக்கியத்தில் நகைச்சுவை இத்துணை விழுக்காடு என்று முடிவு கட்டியிருந்தேன். ஞாயிறு மாலைகளில் சேலத்தில் நாங்கள் ஐவர் கூடிப் படிப்பதுண்டு. அங்கே அதனைப் பெருமிதத்தோடு வாசித்தேன். மூன்றாம் சான்றிலேயே ஒருவர் குறுக்கிட்டு, இங்கே நகை என்பது பல் அல்லவா என்றார். அடுத்ததில் ஒளி. பிறிதோரிடத்தில் மகிழ்ச்சி. பிற்கால நூல்களிலிருந்து நான் சேர்த்திருந்த சிலவற்றில் அணிகலனே வந்திருந்தது. "நகை இயல் எழுதச் சொன்னால் நகைக்கடை வைத்திருக்கிறீர்களே, சேதாரம் எவ்வளவு?" என்று அவர் கேட்டதும் எல்லோரும் சிரித்தனர். சிறிது நேரம் கழித்து நானும் சிரித்தேன். அந்தச் சிறிது நேரம் எளிதாகக் கழியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மதிப்பீட்டாளர்களை நான் குறைகூறவில்லை. கட்டுரைக் குவியலின் நடுவே தனியறையில் ஒருவர் அட்டவணையின் ஒவ்வொரு வரியையும் மூலத்தோடு ஒப்பிட முடியாது. ஒருவர் வாய்விட்டுப் படிக்க நால்வர் கேட்டால் மூன்றாம் வரியிலேயே பிழை காதில் இடறும். பிழை, குற்றமாக அன்றி நகையாக வெளிப்பட்டதால் நான் அதனை மறைக்க முனையவில்லை. கருத்தரங்க மேடையில் இதே கேள்வி எழுந்திருந்தால் நான் என் விழுக்காட்டைக் காப்பாற்றவே முயன்றிருப்பேன். ஐந்து நிமிடத்தில் ஒரு கட்டுரை என்று இணையமர்வுகளில் படித்துவிட்டு, தம் முறை முடிந்ததும் சான்றிதழ் மேசைக்கு விரையும் கருத்தரங்குகளில் அக்கேள்வி எழுந்திருக்கவும் வாய்ப்பில்லை.

விதிகளும் ஒருவகையில் இதற்கு இடந்தருகின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு நெறிமுறை, முனைவர்பட்ட ஏட்டை ஒப்படைக்கு முன் ஒரு கட்டுரை வெளியிடவும் கருத்தரங்குகளில் இருமுறை படிக்கவும் கட்டாயப்படுத்தியது. 2022 நவம்பரில் வந்த புதிய நெறிமுறையில் அக்கட்டாயம் இல்லை. ஆய்வியல் நிறைஞர் பட்டத்தையும் அது நிறுத்திவிட்டது. அப்பட்டத்தின் கடைசி அணிகளில் ஒன்றில் பயின்றவன் என்ற முறையில் ஒன்றை அறிவேன். எண்ணிக்கையில் சிறிய அவ்வகுப்புதான் பலருக்கு உடன்பயில்வார் என்னும் காற்கூறைத் தந்துவந்தது. இன்று முதுகலையிலிருந்து நேரே தனிமைக்குள் நுழைகிறார்கள்.

கட்டுரை எண்ணிக்கையின் கட்டாயம் தளர்ந்துள்ள இந்நேரத்தில், சேலம் பெரியார் பல்கலைக்கழகமும் அதன் எல்லைக்குட்பட்ட கல்லூரித் தமிழ்த்துறைகளும் செய்யக்கூடியது பெருஞ்செலவுடையதன்று. மாதம் ஒருநாள், இரண்டு மணி நேரம், ஒரே ஒருவருடைய எழுத்து. கல்லூரிப் பெயர்ப் பலகை, பொன்னாடை, வரவேற்புரை வேண்டா. நெறியாளர் வரலாம், தலைமை தாங்கக் கூடாது. பெண் ஆய்வாளர்கள் பேருந்து பிடித்து வீடு திரும்பக்கூடிய நேரத்தில் முடிய வேண்டும். மொட்டைமாடி மாலைகளும் தேநீர்க்கடை விவாதங்களும் இதுவரை பெரும்பாலும் ஆண்களுக்கே வசதியாக அமைந்தன என்பது வெளிப்படை. ஆய்வேட்டின் முன்பக்கத்தில் நன்றியுரைக்குப் பக்கத்திலேயே, எந்த இயல் எந்த அவையில் படிக்கப்பட்டது, யார் எதனை மறுத்தார், எது திருத்தப்பட்டது என்று அரைப்பக்கம் எழுதச் செய்யலாம். பவணந்தியார் கேட்ட கேட்போரும் களனும் அங்கே வந்துவிடும்.

என் ஆய்வேட்டில் அந்த அரைப்பக்கத்தை எழுதி வைத்திருக்கிறேன். விழுக்காட்டு அட்டவணையை நீக்கிவிட்டு, சொல்லின் ஒவ்வோர் ஆட்சியையும் உரைகளோடு ஒப்பிட்டு மீண்டும் எழுதிவருகிறேன். அவ்வியலுக்கு எங்கள் ஐவரிடையே 'நகைக்கடை' என்னும் பெயரே நிலைத்துவிட்டது. அடுத்த ஞாயிறு அதன் இரண்டாம் பகுதியைப் படிக்க வேண்டும்.